பொட்டு வைத்த ஆமை

வெள்ளிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு மனோஜ்குமார் அனுப்பிய படத்தில் ஆமையின் முதுகில் குங்குமப் பொட்டு இருந்தது.

உடுமலைப்பேட்டையிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில், டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தினமும் அந்த நேரத்துக்குத்தான் படம் வரும். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திர ஆமைதான். கறுத்த ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிந்து இறங்கின. நடு மேட்டில் மட்டும் சந்தனத்தை வட்டமாக வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தியிருந்தார்கள். படத்துக்குக் கீழே வழக்கமான வரி: "9 கிலோமீட்டர் 400. காலை 6.50. ஆமை ஒன்று மீட்பு."

காட்டில் திரிகிற ஆமைக்கு யார் பொட்டு வைத்தது?

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். குடிமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு சோலார் கம்பெனி பேனல் போட்டிருக்கிறது. அங்கிருந்து சப்ஸ்டேஷன் வரை பதினாறு கிலோமீட்டருக்கு மண்ணுக்கடியில் மின்கேபிள் பதிக்கிறார்கள். நாலடி ஆழத்தில், சுவர் மாதிரி நேராக வெட்டின குழி. வழி முழுக்கக் கொரங்காடு. கிளுவை வேலி போட்டு, ஆடு மாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்டுவைத்த புல்காடு. அங்கேதான் இந்த ஆமைகள் இருக்கின்றன. குறைந்துகொண்டே வருகிற இனம். பிடித்து வைத்தாலே சட்டப்படி குற்றம். மழை பெய்தால் புல்லுக்கு வெளியே வரும். குழியில் விழுந்தால் ஏறத் தெரியாது.

அதனால் கம்பெனிக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கி நிபந்தனை போட்டிருந்தது. ஐம்பது மீட்டருக்கு ஒரு இடத்தில் குழியின் கரையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். காலையில் குழியை மூட மண் தள்ளுவதற்கு முன் ஒரு ஆள் குழி நெடுக இறங்கி நடந்து, விழுந்து கிடப்பதை எடுத்து, இருநூறு மீட்டர் தள்ளிப் புல்லில் விட வேண்டும். நடந்ததை அன்றன்றைக்குப் படத்தோடு எழுதி அனுப்ப வேண்டும்.

நடப்பது காண்ட்ராக்டரின் ஆட்கள். எழுதுவது நான். என் பஸ் சைட்டுக்கு வரும்போது ஒன்பதேகால் ஆகிவிடும். மண் தள்ளுவது ஏழு மணிக்கே தொடங்கிவிடும். எனக்கு ஒரு வண்டி வேண்டும் என்று இரண்டு முறை எழுத்தில் கேட்டேன். "நீங்க எழுதினாப் போதுமுங்க புவனா. நடக்கறதுக்கு ஆள் இருக்குதில்ல" என்றார் யஷ்வந்த். காந்திபுரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிற எங்கள் சுற்றுச்சூழல் ஆலோசனை ஆபீஸின் முதலாளி அவர். அப்புறம் நானும் கேட்கவில்லை.

என் கையெழுத்து அவருக்குப் பிடிக்கும். அரசு பெண்கள் பள்ளியில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று கோடு போட்டுப் பழக்கின கை. அந்தக் கடிதங்களை அப்படியே ஸ்கேன் செய்து, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை அடியில் ஒட்டி வங்கிக்கு அனுப்புவார். "டைப் பண்ணினா ஒருத்தனும் நம்பமாட்டான். கையில எழுதினா நம்பறான்" என்பார். மற்ற சைட்டுகளுக்கும் என் கடிதத்தைத்தான் மாதிரியாகக் கொடுத்திருந்தார்.

பஸ் பெதப்பம்பட்டியில் நின்று கிளம்பியது. நான் இன்னும் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. நானும் சைட்டில் இருந்தேன். ஜேசிபிக்கு, கம்ப்ரஸருக்கு, கேபிள் சுற்றின உருளைகளுக்கு, கடப்பாரை மண்வெட்டிக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனான் மனோஜ்குமார். காண்ட்ராக்டரின் சைட் சூப்பர்வைசர் அவன். என் ரிஜிஸ்டரின் அட்டையிலும் வைத்தான். கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் கொஞ்சம் கோணலாகக் குங்குமம். வியாழக்கிழமை லீவு, படம் வரவில்லை. ரிஜிஸ்டர் பையில்தான் இருந்தது. எடுத்து மடியில் வைத்தேன். போனைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே பொட்டு. கோணல்கூட ஒன்றுதான்.

பழைய படங்களை மேலே தள்ளினேன். இதற்கு முன் தினமும் நான் பார்த்தது படத்துக்குக் கீழே இருக்கிற கிலோமீட்டரையும் நேரத்தையும்தான். கடிதத்துக்கு அவை போதும். இப்போதுதான் ஓட்டைப் பார்த்தேன். இடது பின்கால் பக்கம் ஓட்டின் விளிம்பு உடைந்திருந்தது, கடித்து வைத்த முறுக்கு மாதிரி. முந்தின படத்திலும் அதே உடைசல். அதற்கு முந்தினதிலும். ஒரு படத்தில் தலை கிழக்கே, ஒன்றில் மேற்கே, ஒன்றில் நனைந்து, ஒன்றில் மண் பூசி. வேலை நடந்தது நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு படம். முதல் மூன்றில் வேறு வேறு ஆமைகள். மீதி முப்பத்தெட்டும் ஒன்றே.

வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சைட்டில் இறங்கியதும் ஆபீஸ் கண்டெய்னருக்குள் போகவில்லை. ஆட்கள் தங்குகிற ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். தகரக் கக்கூஸின் பக்கத்தில் பாதியாக அறுத்த நீல பேரல் ஒன்று இருந்தது. மேலே பலகை. பேரலுக்கும் பொட்டு. புதன்கிழமை அதைப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டி என்று நினைத்திருந்தேன்.

பலகையை நகர்த்தினேன். அழுகின முட்டைக்கோஸ் இலை, பூஜைப் பொரி, அவல், கடலை, அதன் கழிவு எல்லாம் சேர்ந்து சேறாகிக் கிடந்தது. நடுவில் ஆமை. கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. என் நிழல் விழுந்தும் தலையை உள்ளே இழுக்கவில்லை.

"ஏனுங்க்கா, அங்கெங்க போறீங்க? லேடீஸ் பாத்ரூம் இந்தப் பக்கமுங்க."

மனோஜ்குமார் பல் துலக்கின ஈர முகத்தோடு வந்தான்.

"இது என்னங்க மனோஜ்?"

எட்டிப் பார்த்தான். சிரித்தான். "அடடா. பாத்துப்போட்டீங்களா."

"பொட்டு யாருங்க வெச்சது?"

"நாந்தானுங்க. தொழில் சாமானுக்கெல்லாம் வெக்கறப்ப இதை மட்டும் எப்படிங்க்கா உடறது? ஜேசிபி கூட ரெண்டு நாள் ரிப்பேர்ல நின்னுச்சு. இது ஒரு நாள் நின்னதில்லீங்க."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தில் நிஜமாகவே ஒரு பாராட்டு இருந்தது.

"அப்ப குழியில யாரும் நடக்கறதில்லையா?"

"நீங்களே சொல்லுங்க்கா. காலங்காத்தால ஆமை மூஞ்சில முழிச்சா அன்னைக்கு வேலை ஓடுமா? மொத மூணு நாள் ஒருத்தனை நடக்க உட்டோமுங்க. மூணாவது நாள் அவன் கால்ல கம்பி ஏறிருச்சு. அப்பறம் ஒருத்தனும் எறங்கமாட்டேன்னுட்டானுங்க. இதை ஷெட்டுக்குள்ள வெக்கறதுக்கே உடலை. ஆமை பூந்த ஊடு உருப்படாதுன்னு ஒரே சண்டை. அதனாலதான் பாவம், இங்க கக்கூஸோரம் கெடக்குது."

பேரலுக்குள் கைவிட்டு ஆமையைத் தூக்கிக் காட்டினான். கால்கள் தொங்கின.

"பாருங்க, மொதல்லயெல்லாம் தூக்குனாப் போதும், மூத்திரத்தைப் பீச்சி அடிச்சுப்போடும். சட்டையெல்லாம் நாறிரும். இப்பப் பழகிருச்சுங்க. போஸ் குடுக்குது."

காட்டு ஆமைக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அது. மனுஷன் தூக்கினால் பயத்தில் உடம்பில் சேர்த்துவைத்த தண்ணீரையெல்லாம் விடும். இதற்குப் பயப்படவும் மிச்சம் இல்லை.

அப்போதுதான் எனக்குப் படத்தின் கீழிருந்த வரி உறைத்தது. 9 கிலோமீட்டர் 400.

"மனோஜ், ஒம்பது நானூறு சுப்பாத்தா அம்மா காடுங்க. அங்க குழி இன்னும் தொறந்துதான கெடக்குது?"

"இல்லீங்க்கா. நேத்து லீவுலயும் கேபிள் ஜாயிண்ட் போட்டு முடிச்சாச்சு. காலைல ஏழு மணிக்கே சஹீர் மூட ஆரம்பிச்சுட்டாப்ல."

சுப்பாத்தாள் காட்டைப் பற்றி நான் முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. பதினாறு கிலோமீட்டரில் கம்பெனிக்காரர்கள் மூன்று தடவை போயும் வழி விடாதவர் அந்த அம்மா ஒருவர்தான். இருபத்திரண்டு ஏக்கர் கொரங்காடு. நாலாவது தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"ஆமை ஊட்டுக்குள்ள வந்தா ஆகாது, அம்மணி. அதனால நாங்க அதைத் தொடறதில்லை. அது எங்களைத் தொடறதில்லை" என்றார். "எங்க மாமனார் காலத்துல இருந்து அப்படித்தான். இந்தக் காட்டுல எத்தனை இருக்குதுன்னு எனக்கே தெரியாது. குழி தோண்டி அதுல ஒண்ணு செத்தாலும் அந்தப் பாவம் என்ற தலையில."

"சாகாதுங்கம்மா. அதுக்குத்தான் என்னைப் போட்டிருக்காங்க."

"அப்ப எழுதிக் குடு. கம்பெனி காயிதம் வேண்டாம். உன்ற கையில எழுது."

எழுதினேன். கோடு போடாத வெள்ளைத்தாளில், ஒரு அடித்தல் இல்லாமல். "தங்கள் பூமியில் குழி தோண்டி மூடும் வரை ஒரு ஆமைகூடச் சாகாது என்று உறுதி கூறுகிறேன். இதற்கு நானே பொறுப்பு. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, பெ. புவனா." அவர் அதை வாங்கி, வாசித்து, நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காட்டில் எழுநூறு மீட்டருக்குத் தோண்டின குழி, ஜாயிண்ட் வராமலும் பூஜை லீவிலும் எட்டு நாள் திறந்தே கிடந்தது. அந்த எட்டு நாளில் மூன்று மழை.

மனோஜ்குமாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். "டென்ஷன் ஆகாதீங்க்கா. ஒண்ணும் இருக்காதுங்க." அவன் தோளைப் பிடிக்க மனமில்லாமல் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தேன்.

வேலியின் கடவு திறந்திருந்தது. ஜேசிபி பக்கவாட்டில் குவித்திருந்த மண்ணைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே முன்னேறியது. இருநூற்றறுபது மீட்டர் மூடியாகிவிட்டது. சாய்வாக வெட்டின கரை ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் கத்தியால் அறுத்த மாதிரி நேர்ச்சுவர். நான் பக்கெட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நகருங்க்கா! கரை சரியுது!" சஹீர் இன்ஜினை அணைத்தான். ஜேசிபி ஓட்டுவதில் அவனைப்போல் நிதானமான ஆள் அந்த சைட்டில் இல்லை.

"சஹீர், மூடறப்ப உள்ள ஏதாச்சும் பாத்தீங்களா?"

"மேல இருந்து பாத்தா எல்லாம் கல்லாட்டம்தான் தெரியுங்க்கா." ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கல்லு நடக்குமாங்க? ஒண்ணு நடந்துச்சு. நிறுத்திப்போட்டு மனோஜ் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். லைன் இன்னைக்கு முடியோணும், போய்க்கிட்டே இருன்னாரு."

"ஏன்டா, அதை இப்ப எதுக்குடா..." என்றான் மனோஜ்குமார். குரலில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் சொல்லக் கூடாததை யாரோ சொல்லிவிட்ட மாதிரி ஒரு சங்கடம், அவ்வளவுதான்.

ஜேசிபி நின்றதைக் கேட்டு சுப்பாத்தாள் வந்துவிட்டார். ஆடு திருப்புகிற குச்சி கையில் இருந்தது. நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். படம், பேரல், பொட்டு, முப்பத்தெட்டு நாள், நடந்த கல். ஒன்றையும் விடவில்லை. அவர் மனோஜ்குமாரைப் பார்த்தார்.

"தோண்டு."

"அம்மா, அடியில கேபிள் போட்டாச்சுங்க. ஜேசிபி வெச்சா அறுந்துபோகுமுங்க."

"கையில தோண்டு. பொட்டு வெச்ச கை இருக்குதல்ல?"

"இல்லீங்கம்மா, எங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை..."

"கடவைப் பூட்டிப்போட்டுத்தான் வந்திருக்கறேன். உன்ற வண்டியும் அந்தப் பெரிய வண்டியும் வெளிய போகோணும்னா தோண்டு. இல்லாட்டி இங்கயே மேயட்டும்."

திறந்து கிடந்த நானூற்று நாற்பது மீட்டரை சஹீர் ஏற்றுக்கொண்டான். "எனக்கு அந்த மூஞ்சில முழிக்கற கணக்கெல்லாம் இல்லீங்க்கா" என்று குழிக்குள் குதித்தான். அரை மணி நேரத்தில் ஐந்தை உயிரோடு எடுத்து மேலே வைத்தான். எட்டு நாளாகச் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி முன்கால் நகங்கள் தேய்ந்து, சதை தெரிந்தது. ஒன்று புல்லில் விட்ட பிறகும் எதிரே சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு காற்றைப் பிறாண்டியது.

மூடின பக்கம் நாங்கள். மனோஜ்குமார், ஷெட்டிலிருந்து வரவழைத்த நாலு பேர், நான். சஹீர் கை நீட்டிக் காட்டின இடத்தில் முதலில் தோண்டினோம். இரண்டடி போனதும் நாற்றம் வந்தது. எறும்பு வரிசையாக மேலேறியது. முதலில் கிடைத்த இரண்டும் மண் விழுவதற்கு முன்பே செத்தவை. கழுத்துத் தோலுக்குள் புழு நெளிந்தது. மூன்றாவது அன்றைக்குக் காலையில் செத்தது. அதுதான் நடந்த கல்லாக இருக்க வேண்டும். கேபிளுக்கும் ஒரு பாறைக்கும் நடுவில் ஓடு இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் மண்ணோடு பிசைந்திருந்தது. நாலாவது தலைகுப்புற. ஐந்தாவதைத் தூக்கியபோது கையோடு வந்தது மேல் ஓடு மட்டும்.

ஆறாவதன் பின்பக்கம் நசுங்கியிருந்தது. வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நான் எலும்பு என்று நினைத்தேன். சுப்பாத்தாள்தான் குனிந்து பார்த்தார்.

"முட்டை" என்றார்.

மூன்று. இரண்டு உடைந்து வழிந்திருந்தன. ஒன்றில் கீறல்கூட இல்லை.

நாலு பேரில் ஒருவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியோரம் போய்க் குமட்டினான். எனக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். எதற்காக விழுங்கினேன் என்று தெரியவில்லை. மரியாதைக்கா?

அந்த நேரத்தில் மனோஜ்குமாரின் போன் அடித்தது. கையெல்லாம் மண்ணாக இருந்ததால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"மனோஜண்ணா, பல்லடம் லைன்ல இருந்து பவன் பேசறனுங்க. எங்களுக்குத் திங்கக்கெழமை ஆடிட்டு வருதுங்க. இங்க தேடித் தேடிப் பாத்தும் ஒண்ணும் சிக்க மாட்டீங்குது. உங்க ஆமையை ஒரு ரெண்டு நாளைக்குக் குடுத்து உடுங்களேன். சேதாரமில்லாமத் திருப்பிக் குடுத்தர்றோமுங்க."

மனோஜ்குமார் அவசரமாகத் தட்டினான். மண் பட்டு போன் அணையவில்லை. "அண்ணா? ஏனுங்ணா, லைன்ல இருக்கீங்களா? வேணும்னா கீரையெல்லாம் நாங்களே வாங்கிப் போட்டுக்கறோமுங்க" என்று அந்தக் குரல் குழிக்குள்ளிருந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

எறும்பு ஏறின இடமாகப் பார்த்து மத்தியானம் வரை தோண்டினோம். மொத்தம் ஒன்பது. உரச்சாக்கை விரித்து வரிசையாக வைத்தோம். ஒன்பதில் ஒன்றைக்கூட யாரும் படம் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "எடுங்க மனோஜ்" என்றேன்.

"அக்கா..."

"தினமும் எடுத்தீங்கல்ல. எடுங்க."

எடுத்தான். பழக்கத்தில், ஒன்றின் காலை நேராக்கி வைத்துவிட்டு எடுத்தான். பிறகு என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "நீங்க எழுதறப்ப என்ற பேரை மட்டும் போட்டுப்போடாதீங்க்கா. உங்களை எப்பவாச்சும் மரியாதைக் கொறைவா ஒரு வார்த்தை பேசியிருப்பனுங்களா?" என்றான்.

பேசினதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அந்த முப்பத்தெட்டு நாளும் எல்லோரும் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறோம். அவன் மரியாதையாகப் படம் அனுப்பினான். நான் மரியாதையாக எழுதினேன். உடைந்த விளிம்பு நாலாம் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. ஆமையைப் பாதுகாக்கப் போட்ட ஆள் ஆமையைப் பார்க்கவில்லை.

யஷ்வந்துக்குப் படத்தை அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"புவனா, பதட்டப்படாதீங்க. இது யாருக்காச்சும் போயிருக்குதா?"

"இன்னும் இல்லீங்க சார். எழுதப் போறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. எழுத வேண்டாங்கலை. ஒம்பதுன்னு போடறதுக்கு ரெண்டுன்னு போடுங்க. மழையில இயற்கையா இறந்துருச்சுன்னு ஒரு வரி. பழைய நாப்பது லெட்டரைத் தொடவே தொடாதீங்க. இப்ப ஒண்ணை மாத்துனா நாப்பதும் பொய்ன்னு ஆயிரும்."

"முப்பத்தேழு பொய்தானுங்க சார். மொத மூணு மட்டும் நெசம்."

பின்னணியில் காந்திபுரம் பஸ்களின் ஹாரன் கேட்டது.

"உங்க கையெழுத்துதான் எல்லாத்துலயும் இருக்குது. என்றது இல்லை. யோசிச்சுக்கங்க கண்ணு" என்றார். அதுவரை அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

சுப்பாத்தாள் வீட்டு வேம்படியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து எழுதினேன். வங்கியின் நிபந்தனைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் புகாருக்கென்று ஒரு முகவரி அச்சிட்டிருக்கும். அதற்கு ஒன்று, வனத்துறை ரேஞ்சருக்கு ஒன்று. பார்வை என்ற இடத்தில் என்னுடைய நாற்பது கடிதங்களின் தேதிகளையும் போட்டேன். முதல் மூன்று நீங்கலாக எல்லாம் பொய் என்று எழுதினேன். மனோஜ்குமார் பெயர், யஷ்வந்த் பெயர், பல்லடத்துப் போன், எல்லாம் எழுதினேன். வாரத்துக்கு ஒரு நாளாவது விடியற்காலையில் வந்து பார்த்திருக்கலாம், வரவில்லை என்று என்னைப் பற்றியும் எழுதினேன். செத்தவை ஒன்பது, அதில் ஒன்று சினை. எழுத்து எப்போதும்போல அழகாகவே வந்தது. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ரேஞ்ச் ஆபீசுக்கு முதலில் போனில் சொல்லியிருந்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். அளந்தார்கள், எண்ணினார்கள், மகஜர் எழுதினார்கள், ஒன்பதையும் பையில் போட்டுக் கட்டினார்கள். பேரல் ஆமையை ஷெட்டிலிருந்து வரவழைத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். கொடுப்பதற்கு முன் துப்பட்டாவை நனைத்து அதன் முதுகைத் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் மஞ்சள் கோடுகளின் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது, போகவில்லை. வந்தவர்களில் மூத்தவர் என் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்குதுங்களே" என்றார்.

ஜீப் போனதும் சுப்பாத்தாள் உள்ளே போய் ரேஷன் கார்டு உறையை எடுத்து வந்தார். நாலாக மடித்த என் தாளைப் பிரித்தார். கிழித்து மூஞ்சியில் எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நல்ல எழுத்துத்தான், அம்மணி" என்றார். "அதுலதான் நான் ஏமாந்துபோட்டேன்."

"நான் உங்ககிட்ட..."

"எழுதினது போதும். மீதிக் குழி இன்னும் தொறந்துதான் கெடக்குது. ராத்திரிக்கு மழை வரும்போல இருக்குது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்து நட."

"அந்நேரத்துக்குப் பஸ் இல்லீங்கம்மா."

"அதை எழுதறப்பவே யோசிச்சிருக்கோணும்." தாளை மறுபடியும் மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார். "நீ முன்னால நடந்து முடிச்சாத்தான் அந்த வண்டி என்ற காட்டுல மண்ணுத் தள்ளும். வரலைன்னா கடவு தொறக்காது."

பக்கத்து வீட்டு மொபெட்டைக் கேட்டு வாங்கி மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிளம்புமுன் பார்த்தபோது யஷ்வந்திடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது: இனி சைட்டுக்குப் போக வேண்டாம், ஆபீஸ் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடவும். மரியாதையான மெசேஜ். கடைசியில் நன்றி என்றும் இருந்தது. இருந்தும் போனேன். சுப்பாத்தாள் கடவைத் திறந்துவிட்டார்.

மனோஜ்குமாரும் ஆட்களும் வேலியோரம் நின்றிருந்தார்கள். நான் குழிக்குள் இறங்கியதும் அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். முதலில் நான் பார்த்த பிறகு பார்த்தால் தோஷமில்லையாம்.

அடியில் சேறு கணுக்கால் வரை இருந்தது. இருநூறு தப்படி போயிருப்பேன். சுவரோரம் ஒரு கல். நின்றேன். கல் அசைந்தது.

நாற்பது கடிதத்தில் எத்தனை தடவை மீட்கப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். குழியிலிருந்து ஒரு ஆமையை உயிரோடு அதுவரை என் கையால் எடுத்ததில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. தலை உள்ளே போனது. கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அடுத்த நொடி என் முழங்கை வரை சூடாகப் பீச்சியது. சட்டைக்கை நனைந்து, வயிற்றிலும் வடிந்தது. அழுகின புல்லும் அமோனியாவும் கலந்த மாதிரி, மூக்கைச் சுருக்க வைக்கிற நாற்றம்.

கரையேறி வெள்வேல மரங்களைத் தாண்டி இருநூறு மீட்டர் எண்ணி நடந்து புல்லில் வைத்தேன். அது காலை வெளியே நீட்ட வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது ஆட்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மனோஜ்குமார் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினான். இன்னொரு கையில் போனை எடுத்திருந்தான்.

"கை கழுவிக்கங்க்கா. நாறுதுங்க. அப்படியே ஒரு படம்..."

"வேண்டாமுங்க."

இன்னும் இருநூற்றுச் சொச்சம் மீட்டர் பாக்கி இருந்தது. ஈரக் கையோடு மறுபடியும் இறங்கினேன்.